பத்திரிகை அச்சும் ஆரியும் ஒரே கடையில்: மூணாவது தொழில் சேர்க்கலாமா? (கிருஷ்ணகிரி)

கிருஷ்ணகிரி_பட்டறை

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி டவுன்ல 400 சதுர அடி வாடகைக் கடை. முன்பக்கம் ஸ்கிரீன் பிரிண்டிங்: கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பில் புக். பின்பக்கம் ஆரி (ப்ளவுஸ்ல மணி, ஜரி வச்சுப் போடற எம்பிராய்டரி): துணி கட்டற ஸ்டாண்ட் ரெண்டு, வேலைக்கு ரெண்டு பேர். அச்சு மேசைக்கு ஒரு பையன். டிசைன் போடறது, கஸ்டமர்கிட்ட பேசறது, சரக்கு வாங்கறது மூணும் ஒரே ஆள் தலையில.

கேள்வி மூணு. தை, வைகாசி, ஆவணின்னா ரெண்டு தொழிலும் ஒரே வாரத்துல முட்டிக்குது, இதை எப்படிப் பிரிக்கிறது? ரெண்டுக்கும் பணம் ஒரே டப்பாவுல விழுது, எது சம்பாதிக்குது எது தின்னுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூணாவதா போட்டோகிராபர்களுக்கு ஆல்பம் டிசைன் பண்ணித் தரலாம்னு யோசனை, சரியா வருமா?

தருமபுரி_மெஷ்

தம்பி, மாசக் கணக்கா பார்த்தா ரெண்டும் ஒண்ணா வர்ற மாதிரிதான் தெரியும். ஒரே ஒரு கல்யாணத்தை எடுத்துக்கிட்டு பின்னாடி எண்ணிப் பாருங்க.

முகூர்த்தம் ஆவணி 20ன்னு வைங்க. ஊர் ஊரா போய் பத்திரிகை வைக்கணும்னா 40 நாள் முன்னாடி கைக்கு வேணும். அது ஆடி 11 வாக்குல. ப்ளவுஸ் ஒரு வாரம் முன்னாடி கையில இருந்தா போதும், அது ஆவணி 13. ஒரே வீடுதான், ஆனா ரெண்டு டெலிவரிக்கும் நடுவுல ஒரு மாசம் இடைவெளி இருக்கு. உண்மையில இது ரொம்ப நல்ல ஜோடி.

அப்புறம் ஏன் முட்டுது? ஆடியில சுப காரியத்தைத் தொட மாட்டோம்னு நிறைய வீட்ல மேட்டர் (பத்திரிகையில போடற வாசகம்) கொடுக்கறதையே தள்ளிப் போடுவாங்க. ஆடிப் பெருக்கு அன்னிக்கு ஒகேனக்கல் போய்க் குளிச்சிட்டு வந்து மறுநாளே கடைக்கு வருவாங்க. ஆடி 11ல முடியவேண்டிய அச்சு ஆடி 19ல ஆரம்பிக்கும். ஆரி துணி ஸ்டாண்டுல ஏறவேண்டியதும் அதே வாரம். முட்டறது அங்கதான்.

இதுக்கு வழி ஆனியில இருக்கு. தேதி குறிச்ச வீட்டுக்கு ஆனி மாசமே போன் போட்டு மேட்டரை வாங்கிடுங்க. சிவகாசி கேட்டலாக்ல கார்டு தேர்வு, புரூஃப், பெயர் வரிசை சரிபார்ப்பு, பிலிம் எல்லாம் ஆனிக்குள்ள முடியட்டும். ஸ்கிரீனையும் எக்ஸ்போஸ் பண்ணி (பிலிமை வச்சு வெளிச்சம் காட்டி) கழுவிக் காயவச்சு, பின்னாடி வீட்டுப் பேர் எழுதி அடுக்கிடலாம். எமல்ஷன் (வெளிச்சம் பட்டா இறுகற பூச்சு) தடவி எக்ஸ்போஸ் பண்ணாத ஸ்கிரீனைத்தான் ரொம்ப நாள் வைக்கக் கூடாது, கெமிக்கல் இருட்டுலயே கொஞ்சம் கொஞ்சமா இறுகி, கழுவும்போது சின்ன எழுத்து திறக்காது. எக்ஸ்போஸ் ஆன ஸ்கிரீன் மாசக் கணக்குல கிடக்கும். ஆடி 18க்கு அப்புறம் மிச்சம் இருக்கறது மை போட்டு இழுக்கற வேலை மட்டும்.

தைக்கும் இதே கதை. தை முதல் வார முகூர்த்தம்னா கார்த்திகையிலயே மேட்டர் வாங்கிடணும், மார்கழியை நம்பாதீங்க.

புரூஃப் விஷயத்துல ஒண்ணு. கோரல் டிராவுல பழைய டிடிபி ஃபான்ட்ல (யூனிகோட் இல்லாதது) அடிச்ச மேட்டரை வேற கம்ப்யூட்டர்ல திறந்தா எழுத்து உடையும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகும், இல்லைன்னா முழுசும் ஆங்கில எழுத்தா தெரியும். கஸ்டமர் வாட்ஸ்அப்ல அனுப்பறது யூனிகோட், அதை அப்படியே ஒட்டினாலும் கட்டம் கட்டமா வரும், கன்வெர்ட்டர்ல போட்டுத்தான் எடுக்கணும். மாத்தினதுக்கு அப்புறம் ஸ்ரீ, க்ஷ, ஜௌ வர்ற பெயர்களைக் கண்ணால ஒருதடவை படிங்க, கன்வெர்ட்டர் விழுந்து போறது அங்கதான். புரூஃப் ஓகே ஆனதும் எழுத்தை கர்வ் ஆக்கி (ஃபான்ட் தேவைப்படாத படமா மாத்தி) ஒரு ஃபைல், எடிட் பண்ற மாதிரி ஒரு ஃபைல்னு ரெண்டா சேமிங்க. வெளியே போறது கர்வ் ஃபைல் மட்டும். ஒரு பெயர் தப்பானா 500 கார்டும் போச்சு. அந்த நஷ்டத்தை எந்த ஆரி லாபமும் அடைக்காது.

ஆரி_ஸ்டாண்ட்

அண்ணா சொன்னது அச்சுப் பக்கம். ஆரியில தேதியை விட மணிக்கணக்குதான் முக்கியம். "பத்து ப்ளவுஸ் ஆர்டர் இருக்கு"ன்னு எண்ணிக்கையில பேசறதை முதல்ல விட்டுடுங்க.

தரம் பிரிச்சு வைங்க: கழுத்து, கை ஓரம் மட்டும்னா 6 முதல் 8 மணி நேரம். கை முழுக்க புட்டா, முதுகுல டிசைன்னா 15 முதல் 20. ஜர்தோசி, கட் பீட்ஸ், குந்தன் எல்லாம் வச்ச கல்யாணப் பொண்ணு ப்ளவுஸ் 30 முதல் 45.

ரெண்டு பேர், ஆளுக்கு 7 மணி நேரம், ஒரு நாளைக்கு 14. ஆறு நாளைக்கு 84 மணி. இதுல 70 மட்டும் வித்துடுங்க. மீதி 14 மணி நேரத்தைத் தொடாதீங்க. கை அளவு மாறும், மணி உதிரும், கரண்ட் போகும், ஒருத்தங்க லீவு போடுவாங்க. அதுக்கெல்லாம் அந்த 14.

30 மணி நேர ப்ளவுஸ் பத்துன்னா 300 மணி. வாரம் 70ன்னா நாலு வாரத்துக்கு மேல. அதுக்கு மேல தையல், ஃபிட்டிங் பார்க்க ஒரு வாரம் பத்து நாள். அதனால முகூர்த்தத்துக்கு 40 நாள் முன்னாடியே அந்த முகூர்த்தத்துக்கு கணக்கு மூடிடணும். சுவத்துல வாரா வாரம் 70 கட்டம் போட்ட சார்ட் ஒட்டுங்க, ஆர்டர் வந்ததும் பென்சில்ல அடைங்க. கட்டம் இல்லைன்னா "அக்கா, லைட் வொர்க்னா முடியும், ஹெவின்னா முடியாது"ன்னு வாசல்லயே சொல்லிடலாம். பொண்ணு ப்ளவுஸ் ஒண்ணுன்னு வந்து, அம்மா, அத்தை, தங்கச்சின்னு அஞ்சா ஆகறது வழக்கம். முதல் பேச்சுலயே "மொத்தம் எத்தனை?"ன்னு கேட்டு எழுதுங்க.

திருப்பிச் செய்ய வேண்டி வர்ற தப்பு மூணுதான் பெரும்பாலும். துணியை ஸ்டாண்டுல தளர்வா கட்டினது: போடும்போது நல்லா இருக்கும், இறக்கினதும் டிசைனைச் சுத்தி சுருங்கும். தட்டினா மத்தளம் மாதிரி சத்தம் வரணும். ரெண்டாவது, வெட்டற கோடு வரைக்கும் மணி வச்சது: தையல் மிஷின் ஊசி உடையும், இல்லைன்னா தையக்காரர் மணியை உடைச்சிட்டு தைப்பார். தையலுக்கு முக்கால் இஞ்சு, ஒரு இஞ்சு வெறுமனே விடணும். மூணாவது, லைனிங் துணியை நனைச்சு காயவைக்காம கொடுத்தது: முதல் துவைப்புல லைனிங் சுருங்கி மேல்துணி உப்பிக்கும்.

கிருஷ்ணகிரி_பட்டறை

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ஆரியில வேலை குறையற வாரத்துல அவங்களை அச்சுப் பக்கம் கார்டு அடுக்க, கவர் போட எடுத்துக்கலாமா? அச்சுப் பையனுக்கும் சும்மா இருக்கற நேரம் இருக்கு.

ஆரி_ஸ்டாண்ட்

கவர்ல போடறது, எண்ணி அடுக்கறது முழு நாளா கொடுத்தா சரி. ஒரே நாள்ல காலையில கார்டு, மத்தியானம் பட்டு வேண்டாம். கோல்டு மை காஞ்சாலும் விரல்ல மினுமினுப்பு ஒட்டும், அது வெளிர் பட்டுல இறங்கினா எடுக்கவே முடியாது. மை கலைக்கிற தின்னர் வாசனையைப் பட்டு உறிஞ்சிக்கும். பெட்டியில மடிச்சு வச்ச ப்ளவுஸைக் கல்யாண வீட்ல திறக்கும்போது பெயின்ட் கடை வாசனை வந்தா யாருக்குத்தான் மனசு ஆறும்?

400 சதுர அடியில நடுவுல பலகைத் தடுப்பு கட்டாயம். கார்டு காயற ரேக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனும் தெருப்பக்கம். ஸ்கிரீன் கழுவற இடம் ஆரியிலிருந்து தூரமா, அந்தத் தண்ணி தெறிக்கும். கஸ்டமர் துணியை எல்லாம் வெள்ளைக் காடாத் துணியில சுத்தி மூடிய அலமாரியில. துணி வாங்கும்போதே கஸ்டமர் எதிர்ல விரிச்சு போட்டோ எடுத்து, ஏற்கெனவே கறை, இழை இழுப்பு இருந்தா ரசீதுல எழுதிடுங்க.

வரவு_செலவு

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், அதான் என் வேலை.

முதல்ல பணத்தைப் பிரிக்கணும். ரெண்டு பேங்க் கணக்கு, ரெண்டு கியூஆர் கோடு. அச்சு கியூஆர் முன் மேசையில, ஆரி கியூஆர் பின் மேசையில. ரொக்கத்துக்கு ரெண்டு கலர் ரசீது புக். அச்சுப் பணத்துல மணி, ஜரி வாங்கினா அதைக் கடன்னு நோட்ல எழுதுங்க, மாசக் கடைசியில திருப்பி மாத்துங்க. இந்த ஒரு பழக்கம் வந்தா பாதி உண்மை வெளியே வந்துடும்.

அட்வான்ஸ் வருமானம் கிடையாது. ப்ளவுஸ் போய்ச் சேர்ற வரைக்கும் அது கஸ்டமர் பணம். ஆனியில வந்த அட்வான்ஸை எடுத்து வாடகை கட்டிட்டு, ஆவணியில சம்பளத்துக்கு முழிக்கிறதுதான் ரெண்டு தொழில் நடத்தறவங்களுக்கு நடக்கிற பொது விபத்து. அட்வான்ஸ்ல சரக்கு வாங்கற அளவு மட்டும் எடுங்க.

பொதுச் செலவைப் பிரிக்க ஒரு மாதிரிக் கணக்கு. வாடகை 12,000ன்னா 400 சதுர அடிக்கு அடிக்கு 30 ரூபாய். அச்சு 160 அடி, 4,800. ஆரி 140 அடி, 4,200. மீதி 100 அடி பொது, 3,000. அந்த 3,000த்தை உங்க நேரம் எந்தப் பக்கம் போகுதோ அந்த விகிதத்துல பிரிங்க. கரன்ட்டுக்கு ஒரு சப் மீட்டர், எக்ஸ்போசிங் யூனிட்டும் டிரையரும் அதுல. உங்க நேரத்துக்கு ஒரு மாசம் மட்டும், அரை மணிக்கு ஒரு கோடு, "அ" இல்லைன்னா "ஆ"ன்னு நோட்ல போடுங்க.

உங்க நேரத்துக்கும் கூலி போடுங்க. 26 நாள், 8 மணின்னா 208. போன், பேரம், கடைவீதி எல்லாம் மூணுல ஒரு பங்கு தின்னும். வித்துக் காசாக்க முடியறது 140 மணி நேரம் இருந்தா அதிகம். மாசம் 28,000 வீட்டுக்கு வேணும்னா மணிக்கு 200. ஒரு பத்திரிகை டிசைனுக்கு புரூஃப் திருத்தம் சேர்த்து 4 மணி ஆனா, 800 ரூபாய் அந்த 500 கார்டு விலைக்குள்ள இருக்கணும். கார்டு விலை, மை விலை எல்லாம் கூட்டற நிறைய கடையில இந்த 800 எங்கயும் இருக்காது. அச்சு லாபம் மாதிரி தெரிஞ்சு கை காலியா இருக்கறது அதனால.

கிருஷ்ணகிரி_பட்டறை

சார், ரெண்டு தொழிலுக்கும் தனித்தனியா பதிவு வேணுமா? ஓசூர் வழியா பெங்களூரு ஆர்டரும் கேட்கறாங்க.

வரவு_செலவு

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) ஒரு பான் எண்ணுக்கு ஒண்ணுதான். அதுலயே உற்பத்தி, சேவைன்னு எத்தனை வேலை வேணாலும் சேர்க்கலாம். அரசு தளத்துல இலவசம், இதுக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீங்க.

ஜிஎஸ்டியில கடைப் பேர் ரெண்டா இருந்தாலும் பான் ஒண்ணுன்னா விற்றுமுதல் ஒண்ணு. "அச்சு 12 லட்சம், ஆரி 10 லட்சம், ரெண்டும் பதிவு வரம்பு 20 லட்சத்துக்குக் கீழ"ன்னு கணக்கு போடக் கூடாது, அது 22. இன்னொரு குழப்பம்: 40 லட்சம் வரம்பு சரக்கு மட்டும் விக்கிறவங்களுக்கு. கஸ்டமர் துணியில ஆரி போடறது சேவை. அச்சுலயே கஸ்டமர் மேட்டர் கொடுத்து நீங்க பேப்பர் போட்டு அடிக்கிற துண்டுப் பிரசுரம், கையேடு சேவையாகவும், கவர், பெட்டி மாதிரியானது சரக்காகவும் பார்க்கப்படுது. ரெண்டும் கலந்து இருக்கறதால உங்களுக்கு வரம்பு 20 லட்சம்னே வச்சுக்கங்க.

பெங்களூரு விஷயம் ரொம்ப முக்கியம். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளின்னா கர்நாடகா, வேற மாநிலம். சேவையை வெளிமாநிலத்துக்குக் கொடுத்தா 20 லட்சம் வரைக்கும் பதிவு தேவையில்லை. சரக்கை வித்தா, தொகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் பொதுவா பதிவு கட்டாயம். கைவினைப் பொருளுக்குத் தனி விலக்கு இருக்கு, உங்க பொருள் அந்தப் பட்டியல்ல வருதான்னு ஆடிட்டர்கிட்ட காட்டிட்டு அனுப்புங்க. ஆல்பம் டிசைன் ஃபைலா போனா சேவை. பை, பெட்டி போனா சரக்கு.

ஓசூர் கம்பெனிகளுக்கு பில் போடும்போது உத்யம் எண்ணை பில்லுலயே அச்சடிங்க. குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும்னு சட்டம் இருக்கு. தாண்டினா ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு வட்டி கேட்கலாம். பத்துப் பேர் வேலை பார்க்கற இடத்துல ஒரு பில் 90 நாள் நின்னா சமாளிக்கலாம். நாலு பேர் இருக்கற இடத்துல அது ரெண்டு தொழிலையும் சேர்த்து நிறுத்திடும்.

ஓசூர்_லேஅவுட்

ஆல்பம் டிசைன் பத்தி. முதலீடு கம்மியா தெரியும், கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருக்கு. ஆனா அது யார் நேரத்தைத் தின்னும்னு பாருங்க. பட்டறைக்காரரே, உங்க கடையில குறையா இருக்கறது உங்க 140 மணி நேரம் ஒண்ணுதான், ஆல்பம் அதைத்தான் கேட்கும்.

12க்கு 36 இஞ்சு ஆல்பம், 30 ஷீட்னா ஒவ்வொரு விரிப்பும் 300 டிபிஐல 10,800க்கு 3,600 பிக்சல். லேயரோட சேமிச்ச ஃபைல் ஒவ்வொண்ணும் நூத்துக்கணக்கான எம்பி. போட்டோகிராபர் 3,000 படத்தைக் கொட்டி "நீங்களே செலக்ட் பண்ணுங்க"ன்னா அதுலயே ஒரு நாள் போகும். கையில வச்சே செய்யறதுன்னா 30 ஷீட்டுக்கு ரெண்டு மூணு முழு நாள். நடு மடிப்புல முகம் விழக் கூடாது, ஓரத்துல வெட்டுக்கு இடம் விடணும், லேப் கேட்கிற கலர் புரொஃபைல்ல கொடுக்கணும். பத்திரிகைக்குப் பழகின கை சிஎம்ஒய்கேல (அச்சு மைக்கான கலர் முறை) வச்சே அனுப்பிடும், தோல் நிறம் மங்கி வரும். போட்டோ லேப் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி (திரைக்கான கலர் முறை) ஜேபெக்தான் கேட்கும்.

திருத்தத்துக்கு எல்லை இல்லாம ஒத்துக்கிட்டா ஆல்பம் முடியவே முடியாது. ரெண்டு தடவை திருத்தம் விலைக்குள்ள, மூணாவதுல இருந்து பக்கத்துக்கு இவ்வளவுன்னு முதல்லயே எழுதிக் கொடுங்க. செலக்ட் பண்ணின படம் வரிசை எண்ணோட வந்தாத்தான் வேலை தொடங்கும்னும் எழுதுங்க. ஃபைல் ரெண்டு டிஸ்க்ல, அதுல ஒண்ணு கடைக்கு வெளியே.

டிசைனுக்குத் தனியா ஒரு ஆள் போடற வரைக்கும் இதைத் தொடாதீங்கன்னுதான் சொல்வேன்.

காவேரிப்பட்டணம்_லேபிள்

அச்சு மேசை சும்மா இருக்கற நாளுக்கு மாம்பழப் பெட்டி லேபிள் எடுக்கலாமே? நம்ம பக்கம் விவசாயிங்க நேரடியா 3 கிலோ, 5 கிலோ பெட்டி போட்டு பார்சல்ல அனுப்பறாங்க. சின்ன அளவு ஆர்டர், பெரிய ஆஃப்செட்காரங்க எடுக்க மாட்டாங்க.

தருமபுரி_மெஷ்

யோசனை நல்லது, காலம்தான் இடிக்குது. அல்போன்சா, செந்தூரா, பங்கனப்பள்ளி எல்லாம் சித்திரை, வைகாசியில வரும். அதே மாசத்துல முகூர்த்தம். பழம் காத்திருக்காது, லேபிள் ரெண்டு நாள் தள்ளினா பெட்டி போகாது. எடுக்கறதா இருந்தா மாசி, பங்குனியிலயே தேதி, எடை இல்லாத பொது லேபிளா அடிச்சுக் கொடுத்துடணும், எடையையும் ரகத்தையும் அவங்க பேனாவுலயோ ரப்பர் ஸ்டாம்புலயோ போட்டுக்கட்டும். அட்டைப் பெட்டி மேல நேரா ஸ்கிரீன் போடாதீங்க, உள்ள இருக்கற அலை மடிப்பு மேல தெரிஞ்சு மை வரி வரியா விழும். ஸ்டிக்கர்ல அடிச்சு ஒட்டறதுதான் சுத்தம்.

எனக்குக் கேட்டா மூணாவது தொழில் தாம்பூலப் பை. அதே கல்யாண வீடு, அதே மேசை, அதே பையன், டிசைன்ல பத்திரிகையில இருக்கற பிள்ளையாரும் பெயரும் தேதியும் அப்படியே. உங்க நேரம் அரை மணி கூடப் போகாது. தேவைப்படறது முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னாடி, அதாவது பத்திரிகை முடிஞ்சு மேசை காலியா இருக்கற வாரம். நெய்யாத பாலிப்ரொப்பிலீன் பைக்குத் தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல தடை வந்தது, அதனால துணிப் பைக்குத்தான் கேட்பாங்க. 2021ல மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்ததுக்கு அப்புறம் மஞ்சள் பை கொடுக்கறதைப் பெருமையா நினைக்கிறவங்களும் உண்டு.

கிருஷ்ணகிரி_பட்டறை

அண்ணா, இது தோணவே இல்லை. கார்டுக்கு வச்சிருக்கற ஸ்கிரீன், மை, மை இழுக்கற ரப்பரே போதுமா?

தருமபுரி_மெஷ்

மேசை மட்டும் பொது. மத்தது தனி.

மெஷ் (ஸ்கிரீன் வலை): கார்டுக்கு 120டி (ஒரு செ.மீ.க்கு 120 இழை) மாதிரி நெருக்கமானது. பைக்கு 43டி. நெருக்கமான மெஷ்ல துணி மை இறங்காது, இறங்கினது மெஷ்லயே காஞ்சு அடைக்கும்.

ரப்பர்: கார்டுக்குக் கூர் முனை, கெட்டியானது. துணிக்குக் கொஞ்சம் மெதுவானது, முனை லேசா உருண்டது. மை அதிகமா இறங்கணும்.

எமல்ஷன்: இங்கதான் நிறைய பேர் விழறாங்க. கார்டு மைக்கான எமல்ஷன் தின்னரைத் தாங்கும், தண்ணியைத் தாங்காது. துணிக்குப் போடற பிக்மென்ட் மை தண்ணி கலந்தது. நூறு இருநூறு பை போனதும் எமல்ஷன் ஊறி, ஊசி முனை அளவு ஓட்டை ஓட்டையா விழும், பையில பொட்டு பொட்டா மை. வாட்டர் ரெசிஸ்ட் எமல்ஷன்னு கேட்டு வாங்குங்க. எக்ஸ்போஸ் ஆனதுக்கு அப்புறம் ஒரு தடவை வெயில்ல காட்டி இன்னும் இறுக வைங்க.

மை: பிக்மென்ட் (நிறம்), பைண்டர் (ஒட்டவைக்கிற பசை) கூட ஃபிக்சர் (துணியில நிலைக்க வைக்கிறது). ஃபிக்சர் கலந்த மையை அன்னிக்கே தீர்த்துடணும், மறுநாள் கெட்டியாகிடும். அடிச்சு ஒரு நாள் நிழல்ல காயவச்சு, மேல துணி போட்டு சூடான இஸ்திரி. சூடு பத்தலைன்னா மேல காஞ்ச மாதிரி தெரியும், முதல் நனைப்புல போயிடும். வெள்ளைத் துணியை நனைச்சு மை மேல பத்து தடவை தேய்ங்க, வெள்ளைத் துணியில கலர் இறங்கினா இன்னும் சூடு வேணும்.

பைத் துணியில கஞ்சி இருந்தா மை மேலயே நிக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க, உடனே உறிஞ்சினா நல்ல துணி, முத்து மாதிரி நின்னா கஞ்சி.

ஆரி_ஸ்டாண்ட்

பை தைக்க வெளியே கொடுக்காதீங்க தம்பி. ஆரியில வேலை குறையற வாரத்துக்கு என்ன பண்றதுன்னு கேட்டீங்களே, மஞ்சள் துணிப் பை தைக்கிறதுல மையும் இல்லை தின்னரும் இல்லை. அச்சை வெட்டின துணியில முதல்ல போட்டு, நல்லா காஞ்சதுக்கு அப்புறம் தைக்கக் கொடுங்க. தச்ச பையில அடிச்சா ஓரத் தையல் மேட்டுல ரப்பர் குதிச்சு கோடு விழும், அச்சு கெட்டா தையலும் சேர்ந்து வீணாகும். வெட்டின துணின்னா கெட்டது ஒரு துண்டுத் துணியோட போகும்.

கிருஷ்ணகிரி_பட்டறை

சரிங்க அக்கா. பர்கூர்ல துணி பார்த்து, தண்ணிச் சொட்டு வச்சுப் பார்த்துட்டு 50 பைக்கு மட்டும் வாங்கறேன். ஆல்பத்தைத் தள்ளி வைக்கிறேன். 70 கட்ட சார்ட் இன்னிக்கே ஒட்டிடறேன். வரவு செலவு சார், அந்தப் பை மூணாவது தொழில்தானே, அதுக்கும் தனி கியூஆர் வேணுமா?

வரவு_செலவு

வேண்டாம். அச்சு கணக்குலயே வரட்டும், ரசீதுல மட்டும் "பை"ன்னு எழுதுங்க. ஆனா பை தச்ச ஆரி ஆளோட கூலியை மறக்காம அச்சு கணக்குல இருந்து ஆரி கணக்குக்கு மாத்துங்க.